பின்பள்ளத்து முயல்கள்

முயலை அழகு என்று கொஞ்சுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். உலகத்தின் தெற்குக் கோடியில் இருக்கிற எங்கள் ஓடகோ மலைப்பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் "அந்த வாயில்லா ஜீவனையா சுட்டீங்க?" என்று என்னைக் கேட்பதுண்டு. வாயில்லாத ஜீவனாம். அந்த வாய்தான் எங்கள் மலையையே தின்று தீர்த்தது. ஐம்பதுகளில் நான் லாக்லனைக் கட்டிக்கொண்டு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் புல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மண் மட்டும்தான். காலையில் ஜன்னலைத் திறந்தால் அந்த மண் நகரும். அத்தனை முயல். ஆடுகள் ஒரு பக்கம் விலாவெலும்பு தெரிய நிற்கும், இவை இன்னொரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்து மேயும்.

லாக்லன் அதிகம் பேசாத மனுஷர். பேசினால் முயலைத் திட்டுவார், அதற்கடுத்து முயலை ஒழிப்பதற்கென்று வைத்த முயல் வாரியம் எங்களிடம் வாங்குகிற வரியைத் திட்டுவார். பெண்டாட்டியிடம் பேச அவருக்கு வேறு விஷயம் இருந்ததாக அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரியம்தான் க்ளெம் பாஸ்கோவை எங்கள் பக்கம் அனுப்பியது. முயல் சுடுகிறவர். ஓடைக்கரையில் இருந்த தகர வீட்டில் அவரும் அவர் பெண்டாட்டி மிர்ட்டிலும் குடியேறினார்கள். ஒரு லாரி நிறைய நாய், ஒரு தையல் மெஷின், ஒரு பெட்டி தோட்டா, அவ்வளவுதான் சாமான். விமானத்திலிருந்து விஷம் தடவிய கேரட் போட்டுப் பாதியை வாரியம் ஏற்கெனவே கொன்றிருந்தது. விஷத்துக்குத் தப்பிய முயல்தான் கெட்டிக்கார முயல். அதைத் துப்பாக்கியால்தான் முடிக்க வேண்டும், அதற்குத்தான் க்ளெம்.

அவர் சுடுவதை நான் பார்த்திருக்கிறேன். முள்புதருக்குள் நாய் நுழையும், மறுபக்கம் ஒரு சாம்பல் நிறக் கோடு பாயும், துப்பாக்கி தோளுக்குப் போனதா இல்லையா என்று யோசிப்பதற்குள் அந்தக் கோடு உருண்டு கிடக்கும். குறி தப்பி ஒருவரும் பார்த்ததில்லை. கெட்டிக்காரத்தனத்தைவிட அவருக்கு ரோஷம் அதிகம். பழைய காலத்து முயல்காரர்கள் தோலை விற்றுப் பிழைத்தவர்கள். சினை முயல் அகப்பட்டால் விட்டுவிடுவார்கள், அடுத்த வருஷம் பிழைப்பு வேண்டுமே. அதற்கு 'விதைக்கு விடுறது' என்று பெயர். வாரியம் வந்ததும் தோல் விற்கக்கூடாது என்று சட்டம் போட்டு, ஆளுக்குச் சம்பளம் என்று ஆக்கியது. ஆனாலும் பேச்சு போகவில்லை. ஒரு முயல்காரனைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் அவன் அப்பன் பாட்டனை இழுக்க வேண்டியதில்லை. விதைக்கு விடுகிறவன் என்றால் போதும், மேஜை கவிழும்.

"எங்க அப்பா விதைக்கு விட்டவரு" என்று க்ளெம் ஒரு தடவை என்னிடம் சொன்னார். "எல்லாருக்கும் தெரியும். என் பேர்ல ஒரு மலை சுத்தமாகணும் எஃபி. இந்த ஜில்லாவுலயே மொத மலை. அது போதும் எனக்கு."

மிர்ட்டில் வேறு ரகம். வாய் ஓயாது. கல்யாணத்துக்கு முன்னால் நகரத்துப் பிரசவ விடுதியில் வேலை பார்த்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்றாலும் நான் 'வாடி போடி' என்றுதான் பேசுவேன், அவளும் அப்படித்தான். தினமும் ஓடையைத் தாண்டி வருவாள். அடுப்பில் என் ரொட்டி கல்லாகிப் போயிருந்தால் எடுத்து மேஜையில் தட்டிப் பார்ப்பாள்.

"இதைத் தூக்கிப் போட்டா முயலே செத்துப்போகும்டி. என் புருஷனுக்கு எதுக்குத் தோட்டா?"

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சரிவெங்கும் காட்டுத் தைம் என்கிற வாசனைச் செடி பூத்து ஊதா நிறமாக இருக்கும். அதன் மணம் உலர்த்திய துணியில் எல்லாம் ஏறியிருக்கும். மேலே எங்கோ க்ளெமின் துப்பாக்கி வெடிக்கும். "அந்தா ஒண்ணு" என்பாள் மிர்ட்டில், தலைகூட நிமிராமல். ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் புல் எங்களுக்குத் திரும்பி வந்தது. நிஜமாகவே வந்தது. ஒரு வசந்தத்தில் ஜன்னலைத் திறந்தேன், மண் நகரவில்லை. பச்சையாக இருந்தது. லாக்லன் அதில் குனிந்து ஒரு கைப்பிடி புல்லைப் பிடுங்கி மோந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

க்ளெமும் மிர்ட்டிலும் வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில் எனக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்விடுவதாகத்தான் திட்டம். குழந்தை நாள் தள்ளி வரும் என்றார் டாக்டர், அது முந்திக்கொண்டது. பனி சாலையை மூடிவிட்டது. மிர்ட்டில் அப்போது இங்கே வந்திருக்கவில்லை. வீட்டில் லாக்லன் மட்டும்தான். ஆட்டுக்குப் பிரசவம் பார்த்த கைகள் அவருடையவை, ஆனால் அன்றைக்கு அவற்றால் ஒன்றும் ஆகவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுபடியும் வயிற்றில் வந்தபோது மிர்ட்டில் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிச் சொன்னாள். "இந்தத் தடவை பனி கொட்டட்டும், மலையே இடிஞ்சு விழட்டும். ஓடையைத் தாண்டி நான் இருக்கேன். நீ பாட்டுக்குச் சாப்பிட்டுட்டுத் தூங்கு." நானும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

இலையுதிர்காலக் கடைசியில் வாரியத்து இன்ஸ்பெக்டர் ஹெரியட் மலையைப் பார்க்க வந்தார். நெட்டையான, மூக்கு எப்போதும் ஒழுகுகிற மனிதர். அவரும் க்ளெமும் லாக்லனும் நாய்களோடு காலையிலிருந்து சரிவு முழுக்க நடந்தார்கள். நானும் மிர்ட்டிலும் மதியம் டிரக்கில் டீயும் ஆட்டிறைச்சி சாண்ட்விச்சும் எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்குப் போனோம். எனக்கு வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது.

அவர்கள் இறங்கி வரும்போதே க்ளெமின் நடை தெரிந்தது. சேவல் மாதிரி வந்தார்.

"ஒரு புழுக்கைகூட இல்ல" என்றார் ஹெரியட், டீயை வாங்கிக்கொண்டே. "புதுசா ஒரு வளைகூட இல்ல. க்ளெம், இதுதான் ஜில்லாவுலயே முதல் சுத்தமான மலை. வசந்தத்துல கூட்டம் வரும்ல, அதுல உன் பேரைச் சொல்லிடுவேன்."

க்ளெம் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். லாக்லன் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்தான் அது நீடித்தது.

"அப்போ நீ இங்க இருக்க வேண்டிய அவசியமில்ல" என்றார் ஹெரியட். "ஆத்துக்கு அந்தப் பக்கம் பின்மலை கெட்டுக் கிடக்கு. திங்கக்கிழமை லாரி அனுப்பறேன், வீட்டைக் காலி பண்ணிடு."

"திங்கக்கிழமையா?" என்றார் க்ளெம். "வசந்தம்வரைக்கும் வச்சுப் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

"எதைப் பாக்க? முயலே இல்லாத இடத்துல முயல்காரனுக்குச் சம்பளம் குடுத்தா வாரியம் என்னைய உதைக்கும்."

வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு அதுதான் கூலி. சினை முயலை விட்டவன் காலமெல்லாம் ஒரே வீட்டில் இருந்தான், கடைசி முயலையும் சுட்டவன் மூட்டை கட்ட வேண்டும். ரோஷத்தில் க்ளெம் அதை யோசிக்கவே இல்லை. மிர்ட்டில் சாண்ட்விச் தட்டை டிரக்கின் மேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். மிர்ட்டில் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். பின்மலைக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும், பனி விழுந்தால் அங்கிருந்து குருவிகூட வராது.

அப்போது லாக்லன் வாயைத் திறந்தார்.

"பின்பள்ளத்துல முயல் இருக்கு."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல அங்கதான போனோம்?" என்றார் ஹெரியட். "என் நாய் ஒண்ணையும் கெளப்பலையே."

"உங்க நாய்க்கும் உங்களை மாதிரிச் சளி புடிச்சிருக்கும். நேத்து என் கண்ணால பாத்தேன். ரெண்டு. ஒண்ணு சினை."

க்ளெமின் முகத்தில் ரத்தம் ஏறியது. அது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று லாக்லனுக்குத் தெரியாதா? நிலத்துக்காரரே இன்ஸ்பெக்டர் முன்னால் சொல்கிறார், உன் மலையில் சினை முயல் ஓடுகிறது என்று. நீயும் உன் அப்பனைப் போலத்தான் என்று கன்னத்தில் அறைந்தது போலத்தான் அது. முயலைச் சபிக்காமல் ஒரு வேளை சாப்பிடாத மனுஷர், இல்லாத முயலைத் தன் புல்லில் கொண்டுவந்து விடுகிறார். எதற்கென்று எனக்கு உடனே புரிந்தது. க்ளெமுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"எங்க பாத்தே?" என்றார் க்ளெம். குரல் சரியாக இல்லை.

"சொன்னேனே. பின்பள்ளத்துல."

க்ளெம் லாக்லனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிர்ட்டிலைப் பார்த்தார். மிர்ட்டிலின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அதைப் பார்த்தார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பின்னாலேயே ஓடிய நாயை அதட்டி உட்கார வைத்துவிட்டு, தனியாகப் பள்ளத்துக்குள் இறங்கினார்.

நாங்கள் நின்றோம். ஹெரியட் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதல் வெடி கேட்டது, கொஞ்சம் விட்டு இன்னொன்று. பாறைகளில் மோதி மோதிப் போய் அடங்கியது.

வெறுங்கையோடு திரும்பி வந்தார் க்ளெம்.

"எங்க முயல்?" என்றார் ஹெரியட்.

"தப்பிருச்சு."

"ஒண்ணா?"

"ரெண்டும்."

"நீ சுட்டு?"

"கண்ணுல வெயில் அடிச்சுது."

காலையிலிருந்து மேகம் மூடிக் கிடந்த வானத்தை ஹெரியட் அண்ணாந்து பார்த்தார். அப்படியே கண்ணை இறக்கி என் வயிற்றைப் பார்த்தார். கோப்பையில் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"சினை முயல விட்டுட்டுப் போனா அடுத்த வருஷம் மலை போயிடும்" என்றார். "வசந்தம்வரைக்கும் இங்கயே கெட. புடிச்ச பிறகு சொல்லு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் லாக்லனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எதுக்கு அழற? முயல் இருக்குன்னா இருக்குதான்" என்றார் அவர். கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை. என் கல்யாணம் அன்றைக்குத்தான் நடந்தது என்று நான் சொல்வதுண்டு.

எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக் குளிர்காலம், பனி ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. வயிற்றில் இருந்தவளும் செத்துப்போன அக்காள் மாதிரியே முந்திக்கொண்டாள். க்ளெம் ஓடையிலிருந்து எங்கள் வாசல்வரை பனியை வெட்டி வழி போட, மிர்ட்டில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். நண்பகலில் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. மிர்ட்டில் அதைத் திட்டிக்கொண்டே எடுத்துவிட்டாள், ஊசியில் நூல் சிக்கினால் திட்டுகிற அதே வார்த்தைகளால். குழந்தை அழுத சத்தத்தைக் கேட்டு வெளியே லாக்லன் மண்வெட்டியை வைத்துவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாராம், க்ளெம் சொன்னார். ரோனா என்று பெயர் வைத்தோம்.

ஆனால் க்ளெம் அந்தப் பள்ளத்திலிருந்து முழுசாக ஏறி வரவில்லை. மதுக்கடையில் அவர் நுழைந்தால் யாராவது கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொள்வார்கள். "ஜன்னலைச் சாத்துங்கப்பா, பாஸ்கோவுக்குக் கண்ணுல வெயில் அடிக்கும்" என்பார்கள். "அப்பன் விட்ட விதை எங்க போகும்" என்று ஒருத்தன் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். மேஜை கவிழவில்லை. க்ளெம் பீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். உண்மையை உடைத்துச் சொல்லலாம் என்றால் ஹெரியட்டின் வேலை போகும். எல்லோருமாகச் சேர்ந்து அவரை அந்தப் பொய்க்குள் வைத்து அடைத்துவிட்டோம்.

வசந்தத்தில் ஹெரியட் வந்தார். மலை ஏறவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து ரோனாவின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த ரெண்டையும் புடிச்சிட்டியா க்ளெம்?"

"புடிச்சிட்டேன்."

"அப்போ சரி" என்றார். லாரி மறுநாளுக்கு மறுநாள் என்று முடிவாயிற்று.

இடையில் வந்த அந்த ஒரு நாளில்தான் வாரியத்தின் ஆண்டுக் கூட்டம். ஊர்க் கூடத்தில் மொத்த ஜில்லாவும் உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு முன்வரிசையில் க்ளெமும் மிர்ட்டிலும். தலைவர் எழுந்து, இந்த ஜில்லாவில் முதன்முதலாக முயலே இல்லாத மலை என்று அறிவித்து, வேறொரு பள்ளத்தாக்கின் பெயரைச் சொன்னார், வேறொரு முயல்காரரின் பெயரைச் சொன்னார். அது எங்கள் மலைக்குப் பிந்தி, குளிர்காலத்தில்தான் சுத்தமான மலை. அந்த ஆள் கூச்சத்தோடு எழுந்து நின்றான், சின்னப் பையன்தான்.

கூடம் கை தட்டியது. லாக்லனின் கைகள் முழங்காலிலேயே கிடந்தன. அவற்றைத் தூக்க அவரால் முடியவில்லை. எனக்கு முன்னால் க்ளெம் எழுந்து நின்று தட்டினார், தோளுக்கு மேலே கையைத் தூக்கி, அந்தக் கூடத்திலேயே மிகப் பலமாக. அந்தச் சத்தத்தில் என் மடியில் தூங்கிய ரோனா திடுக்கிட்டு விழித்து வீறிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

க்ளெமும் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"கொடும்மா அவள" என்று கையை நீட்டினார்.