அழியும் பாஷைக்கு ஒரு விழா

எங்கள் காரியாலயத்துக்குத் திடீரென்று மொழிகள்மேல் பாசம் பொங்கிவிட்டது. அழிந்துவரும் சிறுபான்மை மொழிகளை அரசாங்கம் காப்பாற்றப் போகிறதாம். ஒவ்வொரு மாவட்டமும் ஒரு மொழியைக் கண்டுபிடித்து விழா எடுக்க வேண்டுமாம். இந்தச் சுற்றுநிருபம் கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வந்தது. தமிழ்ப் பிரதியை நான்தான் எழுத வேண்டும். கண்டியில் இந்தக் காரியாலயத்துக்கு இருக்கும் ஒரே தமிழ் மொழிபெயர்ப்பாளன் நான், பெயர் மோகனராஜ்.

பணிப்பாளர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு மொழியைப் பிடித்துவிட்டார். நகரம் கூட்டுகிறவர்களின் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், சிலர் வீட்டுக்குள் ஒரு மாதிரியான தெலுங்கு பேசுகிறார்களாம்.

"அது இந்தியாவில் கோடிக்கணக்கான பேர் பேசுகிற மொழி, சேர்" என்றேன்.

"இங்கே அழிகிறதல்லவா? அது போதும்" என்றார்.

அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. ஐம்பது வயதுக்குக் கீழே அங்கே யாரும் அதைப் பேசுவதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மா சாகும்வரை என்னைத் திட்டியது அந்தப் பாஷையில்தான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் சாதி தெரிந்துவிடும் பாஷை அது. பள்ளிக்கூட ஆசிரியையான என் மனைவி கலாராணிக்கு நான் மாத்தளைப் பக்கம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். கம்பளையில் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன்மாருக்கும் அப்படித்தான். உண்மை தெரிந்தால் அவர்கள் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கலாராணி என்ன செய்வாள் என்று பதினோரு வருடமாக யோசித்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பாஷை பேச ஆள் பிடித்துவரும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. லயத்தில் சுப்பம்மாவைக் காட்டினார்கள். ஐம்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, இன்னும் தினமும் காலையில் கடைவீதியைக் கூட்டுகிறவர். நான் போனபோது அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலை அடைத்து நின்ற என்னைப் பார்த்து, ஓரமாக நில்லு, கொதிக்கிறது என்று பழக்கதோஷத்தில் தெலுங்கிலேயே சொன்னார். நான் சட்டென்று விலகினேன்.

பானையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி எந்த லயம்?"

"நான் மாத்தளைப் பக்கம்."

சிரித்துவிட்டார். "பயப்படாதீங்க. நா யாருகிட்ட போயி சொல்லப் போறேன்? ஒக்காருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

விழாவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் காரியாலயத்துக்கு இதுவரை தோன்றாத மரியாதை இப்போது எப்படி முளைத்தது என்று அவர் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து நான்கு கடிதங்களை எடுத்துப் போட்டார். லயத்தை இடிக்கப் போகிறார்கள். எல்லாருக்கும் மாடிவீடு கொடுக்கிறார்கள். பதிவில் இருந்தது புருஷன் பெயர், அவர் செத்துப்போனதால் இவர் பெயர் பட்டியலில் இல்லை. நாலு தடவை தமிழில் மனு கொடுத்திருக்கிறார். நாலு பதிலும் சிங்களத்தில் வந்திருந்தன.

"இதுல என்னதான் போட்டிருக்காங்க?"

படித்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமையோடு பட்டியல் மூடுகிறது. அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது. பெயர் சேர்க்க வேண்டுமென்றால் வீடமைப்பையும் மொழிகளையும் சேர்த்துப் பார்க்கும் கொழும்புச் செயலாளர்தான் உத்தரவு போட வேண்டும்.

அந்தச் செயலாளர்தான் வியாழக்கிழமை விழாவின் பிரதம அதிதி.

"மேடையிலயே கேட்டுருங்க அக்கா" என்றேன். "தமிழ் பேசக் கூடாதுன்னு சொல்வாங்க. நீங்க தெலுங்குலயே கேளுங்க. முன்னாடியே எங்கிட்ட தமிழ்ல சொன்னீங்கன்னு சொல்லி நான் அவருக்கு எடுத்துச் சொல்றேன்."

"கட்டாயம் சொல்வீங்களா?"

"கட்டாயம்" என்றேன்.

விழா கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் பிளாஸ்டிக் பூக்களைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் பெரிய பேனர். அதில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன. இடம் போதவில்லையென்று தமிழை எடுத்துவிட்டார்களாம். நாட்டின் அரச கரும மொழிக்கு ஒரு துணியில் இடமில்லை, ஆனால் லயத்து மொழியைக் காப்பாற்ற வந்துவிட்டார்கள். வெட்கம் என்ற ஒன்று இவர்கள் யாருக்கும் கிடையாது. செயலாளர் தாய்மொழியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அவருடைய பிள்ளைகள் இரண்டும் ஆஸ்திரேலியாவில் ஆங்கிலத்தில் படிக்கின்றன என்பதை அவரே தேநீர் நேரத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

வரவேற்புப் பாட்டுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள் என்று தெரியும். எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னாலேயே அவர்களின் ஆசிரியை கலாராணி வந்து முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

சுப்பம்மாவை மேடையில் ஏற்றினார்கள். யாரோ கொடுத்த பட்டுச்சேலை அவருக்கு நீளமாக இருந்தது. "தமிழ் வார்த்தை ஒன்றுகூட வரக் கூடாது, பதிவு கெட்டுவிடும்" என்று அறிவிப்பாளர் இரண்டு தடவை சொன்னார். சுப்பம்மா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நேராகச் செயலாளரைப் பார்த்துப் பேசினார். முப்பத்திரண்டு வருடமாக இந்த ஊரின் அழுக்கை அள்ளுகிறேன், நாளைக்குப் பட்டியலை மூடிவிட்டு என் வீட்டை இடிக்கப் போகிறீர்கள், என் பெயரை எழுத உங்களுக்கு ஒரு நிமிடம் போதும் என்று கேட்டார். அழவில்லை, கெஞ்சவில்லை. என் அம்மாவின் பாஷையை அவ்வளவு நிமிர்ந்து பேசி நான் கேட்டதேயில்லை.

இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று செயலாளர் கேட்டார். நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட, நம்முடைய மோகனராஜுக்கு இந்தப் பாஷை விளங்குகிறதா? நீங்களும் அந்த ஆட்களா?"

சபை சிரித்தது. கலாராணியும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். முன்பே தமிழில் சொன்னார் என்று நான் தயாராக வைத்திருந்த பதிலை அவள் நம்ப மாட்டாள் என்று தோன்றியது.

"இல்லை சேர்" என்றேன். "எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை."

உட்கார்ந்துவிட்டேன். சுப்பம்மா தமிழில் "ஐயா, நா கேட்டது..." என்று தொடங்கினார். அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார். "எவ்வளவு இனிமையான ஓசை! நம் எல்லோரையும் ஆசீர்வதித்தார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். செயலாளர் எழுந்து அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்.

வாசலில் கலாராணி என் பக்கத்தில் நின்றாள். சுப்பம்மா சான்றிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, நல்லா பேசினீங்க" என்றாள் கலாராணி. "இவருக்குத்தான் ஒண்ணும் புரியலியாம்."

சுப்பம்மா என்னைப் பார்த்தார். தெருவில் கிடக்கும் எதையும் அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"அவருக்கு எப்படிம்மா புரியும்? அவரு பெரிய எடத்துப் புள்ள" என்றார். சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய மனுவைச் சிங்களத்தில் நானே எழுதிக்கொண்டு வீடமைப்புக் காரியாலயத்துக்கு ஓடினேன். மனுக்களை வாங்கும் லிகிதர் படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"செயலாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேற்று விழாவுக்கு இந்தப் பக்கம்தானே வந்திருந்தார்? யாராவது கேட்டிருக்கலாமே."

நாலு மணிக்குப் பட்டியலை மூடினார்கள்.

திங்கட்கிழமை விழாவின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. பேச்சைப் பதிவுசெய்தாயிற்று, மொழி பாதுகாக்கப்பட்டது என்று பணிப்பாளர் எழுதியிருந்தார். மொழிபெயர்ப்புக்கென்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. பொருள் தெரியவில்லை என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு, அரச மொழிபெயர்ப்பாளன் என்ற முத்திரையையும் குத்தினேன்.