குரூப்பில் பரவிய காய்ச்சல்

கரோல் பாக்கில் காய்ச்சல் பரவுகிறது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிந்துவுக்குத் தரையில் கால் பாவவில்லை. தில்லிக்காரர்கள் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, எந்த வட்டாரத்தில் என்ன நோய் கிளம்புகிறது என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவள் ஆபீஸின் தொழில். அவளோ இன்னும் தற்காலிகம். இன்றைய மீட்டிங் நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை, 'காய்ச்சலுக்கு மிளகு ரசம்' என்ற தமிழ்த் தேடல் லேசாகத் தலை தூக்கியது. இன்று காலை பார்த்தால் கோடு செங்குத்தாக நின்றது. அடடா, என்ன அழகான கோடு! ஆஸ்பத்திரிகளுக்கு எச்சரிக்கை அனுப்பிவிடலாம் என்றே டைரக்டர் வேதாந்தம் சொல்லிவிட்டார்.

பூரிப்பு தாங்காமல் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"தெரியுமேடி," என்றாள் சாந்தகுமாரி. "திங்கக்கிழமை சாப்பிடறப்ப நீதானே சொன்னே, காய்ச்சல் வருதுன்னு? அப்பவே நம்ம கரோல் பாக் தமிழ் லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேன். எல்லாரும் மிளகு ரசம் வெச்சுக்குங்கன்னு."

சிந்து மறுபடி கோட்டைப் பார்த்தாள். தில்லியில் தமிழில் தேடுகிறவர்களே கொஞ்சம் பேர். அந்த குரூப் மொத்தமும் சேர்ந்து ரசம் தேடினால் கோடு எகிறாமல் என்ன செய்யும்? காய்ச்சலாவது கீய்ச்சலாவது! சொன்னால் வேலை போகும். மறைத்தால் ஊரே வீணாகப் பதறும்.

"அம்மா, ஜல்தி! இன்னிக்கு நம்ம வீட்டுல சுண்டைக்காய் வத்தக்குழம்புன்னு குரூப்புல போடு."

"இன்னிக்கு ராஜ்மாடி."

"ராத்திரிக்குக் குழம்பு வெச்சுடு. இப்ப போடும்மா!"

மீட்டிங்கில் எழுந்து நின்று, அம்மா செய்த கூத்தை ஒளிக்காமல் சொன்னாள். வேதாந்தத்தின் முகம் கடுகடுத்தது.

"ஒரு அம்மாவால இவ்வளவு பெரிய கோடா? யார்கிட்ட கதை விடறே?"

சிந்து கம்ப்யூட்டரில் 'சுண்டைக்காய் வத்தக்குழம்பு' என்று அடித்தாள். காலை முழுக்கப் படுத்துக் கிடந்த கோடு இந்த ஒரு மணி நேரத்தில் திரையின் உச்சிக்கே ஏறியிருந்தது. பின்வரிசையில் யாரோ கை தட்டிவிட்டார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்த நேரம் பார்த்து வேதாந்தத்தின் போன் அடித்தது. மனைவி.

"மீட்டிங்ல இருக்கேன்... என்னது? வரும்போது சுண்டைக்காய் வத்தலா? எந்த குரூப்புல?"

போனை வைத்துவிட்டுக் கோட்டைப் பார்த்தார், சிந்துவைப் பார்த்தார். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது அவருக்கு.

"எச்சரிக்கையை நிறுத்துங்க. சிந்து, உன் வேலை நிரந்தரம். ஆனா இனிமே உங்கம்மா குரூப்புல எதைப் போட்டாலும் முதல்ல எனக்கு அனுப்பச் சொல்லு."