அனுப்பியாச்சு

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால், அருகில் உள்ள மெக்கானிக்கின் போனுக்குத் தகவல் போகும். அந்த மென்பொருளைத்தான் அவள் மூன்று மாதமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மூட்டை, ஆயிரத்து இருநூறு சின்ன ஃபைல்கள் ஆனது. ஒவ்வொரு ஃபைலும் எதை எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது என்று அதன் தலையில் எழுதியிருக்க வேண்டும். இம்போர்ட் எனப்படும் அந்த வரிகள் பிரித்ததில் காணாமல் போய், திரை முழுக்கச் சிவப்புக் கோடு.

"கையால எழுதினா ரிட்டையர் ஆயிடுவ," என்றான் பக்கத்து மேசைக்காரன். "நிரல் எழுதற எடிட்டரையே சேர்க்கச் சொல்லு, பேரைப் பார்த்து அதுவே சேர்த்துடும்."

ஒரே கட்டளை. டீ ஆறுவதற்குள் எல்லாம் சேர்ந்துவிட்டது. சோதனைகள் அத்தனையும் பச்சை. பதினொரு மணிக்குப் புதியது வேலைக்கு இறங்கியது.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தவள் போல, எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

ஒன்றரைக்கு அண்ணன் போன் செய்தான். அவனும் அந்த மெக்கானிக்குகளில் ஒருவன்.

"என்ன பாப்பா, லிஃப்டெல்லாம் திருந்திடுச்சா? பதினோரு மணியிலேருந்து போன் மூச்சே விடல. பதினாலு வருஷத்துல இன்னிக்குதான் சூடா சாப்பிடறேன்."

அவள் எடிட்டர் சேர்த்த வரிகளைத் திறந்தாள். "வச்சிடாத, லைன்லயே இரு."

தகவல் அனுப்பும் நிரல்கள் ஒரே பெயரில் இரண்டு இருந்தன. ஒன்று நிஜம். மற்றது சோதனைக்காக அவளே செய்து வைத்த பொம்மை. மெக்கானிக்குகளை வீணாக அலைக்கழிக்கக் கூடாதென்று, எதையும் அனுப்பாமலே 'அனுப்பியாச்சு' என்று சொல்லும். பெயர் பொருந்தியதும் எடிட்டர் நிஜத்தை விட்டுப் பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பதினொரு மணிக்குப் பிறகு வந்து சேர்ந்த லிஃப்ட் மணிகளின் பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு கட்டடம்.

"அண்ணா, மருந்துக்கடை இருக்கிற கட்டடம். பன்னெண்டு அம்பதுக்கு அடிச்சிருக்காங்க."

"நாப்பது நிமிஷமா?" தட்டைத் தள்ளும் சத்தம் கேட்டது.

வரியைத் திருத்தி மறுபடி இறக்கினாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். பிறகு போன் மறுபடி அடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய எடுத்தாச்சு," என்றான் அண்ணன், மூச்சு வாங்க. "ஒரு அம்மா. நல்லாதான் இருக்காங்க. பதினேழு தடவை அமுக்கினாங்களாம். என்னைப் பிடிச்சுக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது, தங்கச்சி பண்ண வேலைன்னா? வாங்கிக்கிட்டேன். சாப்பாடுதான் ஆறிப்போச்சு."

அவள் முதல் ஃபைலைத் திறந்து, எடிட்டர் தலையில் சேர்த்திருந்த வரிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள்.