செவ்வாய்க்கிழமை ராஜா

கோலா சிலாங்கூர் டேவான் மண்டபத்தில் தன் படத்துக்கு முன்னால் நின்று முகுந்தன் அன்று பேசிய பேச்சை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால், அதைத் தேடிப் பிடித்து உடைத்துப் போட்ட பிறகுதான் அவன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பான். அப்படிப் பேசினான். மாவட்டப் புகைப்படப் போட்டியில் பரிசு என்னவோ மூன்றாவதுதான். ஆனால் ஐயா நின்ற நிலையைப் பார்த்தால், முதல் பரிசுக்காரன் மேல் கொஞ்சம் இரக்கப்படுகிறவன் மாதிரி இருந்தது. சூப்பர்மார்க்கெட்டில் பால்டின் அடுக்குகிற வேலை, இஜோக்கில் அக்கா வீட்டுப் பின்னறையில் ஓசிக் குடித்தனம், இதெல்லாம் அந்த நேரத்தில் அவன் நினைப்பிலேயே இல்லை. கழுத்தில் வேறு கேமரா தொங்கியது. படங்களைப் பார்க்க வருகிறவனுக்குக் கேமரா எதற்கு என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

வீட்டோடு வந்திருந்தார்கள். அக்கா அமராவதி பட்டுப்பாவாடை வயதுப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சத்தியசீலன் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகுந்தனுக்கு அவர் மாமா. ரவாங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மாமாவின் அக்கா பிரேமலாவும் கூட இருந்தாள். அவள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாய்மாமனுக்கு முறையாகச் சொல்லி அழைக்கக் கெர்லிங்கிலிருந்து வந்தவள், படம் பார்க்கப் போகிறோம் என்றதும் தானும் வருவேன் என்று காரில் ஏறிவிட்டாள். பேக்டரி சூப்பர்வைசர் தம்பி கல்யாண மண்டபத்தில் முன்னால் நிற்கப் போகிறான் என்பதைக் கெர்லிங்கில் பாதி வீடுகளுக்காவது அவள் சொல்லி முடித்திருப்பாள்.

முகுந்தனுக்குக் கண் உண்டு. அதை இல்லை என்று சொல்லக் கூடாது. கடையில் உடைந்த முட்டை தரையில் ஓடினால் மற்றவர்கள் துடைப்பத்தைத் தேடுவார்கள். இவன் அதில் விழுகிற டியூப்லைட் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியின் நிழலில் படுத்திருக்கும் நாய், மழை விட்ட பிறகு கொடியில் சொட்டும் துண்டு, பஸ் கண்ணாடியில் சாய்ந்து தூங்குகிறவள் வைத்த மூச்சு வட்டம் எல்லாம் அவனுக்குப் படம். ஊரே தாண்டிப் போகிற இடத்தில் இவன் நின்றுவிடுவான். அப்படி நின்று எடுத்ததுதான் இதுவும். சுங்கை புரோங்கில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை வயல். வாய்க்கால் கரையில் ஓர் ஆள் முதுகைக் காட்டி, கொஞ்சம் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறான். பனியன், முகத்தை மறைத்துத் தலையில் துண்டு, மடியில் சாப்பாட்டு டப்பா. பக்கத்துப் புல்லில் பாதி மறைந்து ஒரு மோட்டார் சைக்கிள், அதன் கைப்பிடியில் ஒரு சட்டை. எதிர்வெயிலில் ஆள் கறுப்பாகி, தோளின் ஓரம் மட்டும் வெளிச்சக் கோடாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது படம். அதுதான் அவனை இன்னும் அதிகமாகக் கூச வைக்கிறது.

"செவ்வாக்கெழம எடுத்தது, பிரேமலாக்கா," என்று ஆரம்பித்தான். "எனக்கு அன்னிக்கி ஓப், வேல இல்ல. காலைல பத்து மணி தாண்டியிருக்கும். ஊரே வேலைல நிக்கிற நேரம். மாமா மாதிரி ஆளுங்கல்லாம் பேக்டரிக்குள்ள வேர்த்து ஊத்திக்கிட்டு இருப்பாங்க. இந்தாள மட்டும் பாருங்க, ஒரு டென்ஷன் கெடையாது. அந்த வயலுக்கே ராஜா மாதிரி குந்தியிருக்கான். அதான் படத்துக்குப் பேரே ராஜான்னு வச்சிட்டேன்."

"ராஜாவா? வேல வெட்டி இல்லாதவன்லா அவன்," என்று பிரேமலா சிரித்தாள். "பொண்டாட்டி விடியக்காலைல எந்திரிச்சி ஆக்கிக் குடுத்தத எடுத்துக்கிட்டு வந்து வயக்காட்டுல ஒக்காந்திருக்கான் பாரு. வெக்கங்கெட்ட பய."

முகுந்தனும் சிரித்தான். சும்மா சிரிக்கவில்லை, கையைத் தட்டிச் சிரித்தான். பக்கத்தில் குரங்குப் படம் பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. மாமாவும் தன் அக்காளின் பேச்சுக்குச் சிரிக்க வேண்டிய அளவு சிரித்தார். அமராவதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் படத்துக்குக் கிட்டே போய் அந்த மோட்டாரின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கைவண்ணத்தில் மயங்கி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் முகுந்தன். அன்று அவன் நினைத்ததெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

பிரேமலாவும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே போனாள். "ஏய் தம்பி சீலா, இங்க வாயேன். இந்தச் சட்டையப் பாரு. உள்பக்கத்த வெளிய திருப்பி, ரெண்டு கையையும் முடிச்சு போட்டு மாட்டியிருக்கான். நம்ம அப்பா இப்படித்தானே மாட்டுவாரு? வேர்வையும் காயணும், கைக்குள்ள எறும்பும் ஏறக்கூடாதுன்னு சொல்லுவாரே?"

மாமா வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "ம்," என்றார்.

அமராவதி திரும்பினாள். அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "எஸ்டேட்டு ஆளுங்க எல்லாரும் அப்படித்தானே அண்ணி மாட்டுவாங்க. எங்கப்பாவும் அப்படித்தான் மாட்டுவாரு. இல்லடா முகுந்தா?"

கேட்டுக்கொண்டே அவன் முழங்கைக்கு மேல் பிடித்தாள். நகம் இறங்கியது. முகுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டினவர். மரத்தடியில் சட்டையைக் கழற்றியதே கிடையாது. வீட்டுக்குள்ளேயே பொத்தான் போட்டுக்கொண்டு உட்காருகிற மனுஷன். அக்கா எதற்குப் பொய் சொல்கிறாள் என்று யோசித்தபடி "ஆமா" என்றான். சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து முன்னால் வளைந்து, இடது தோள் கொஞ்சம் இறங்கி இருந்தது. முகுந்தன் படத்தைப் பார்த்தான். கழுத்து முன்னால் வளைந்து, இடது தோள் கொஞ்சம் இறங்கி இருந்தது.

ஐயோ. அந்த முதுகுக்குப் பின்னால்தானே அவன் வாரா வாரம் கோயிலில் நிற்கிறான்? அந்த முதுகைப் பிடித்துக்கொண்டுதானே மோட்டாரில் போய் இந்தக் கேமராவையே வாங்கினான்? வாய்க்காலின் அந்தப் பக்கம் அரை மணி நேரம் நின்று, வெளிச்சம் ஏறுகிறதா, நிழல் சுருங்குகிறதா, துண்டு காற்றில் ஆடுகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தவன், உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்கவில்லை. பிரேமலா அதற்குள் மின்மினிப் பூச்சிப் படத்துக்குப் போய், இருட்டில் இதை எப்படித்தான் பிடித்தானோ என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெண்கள் இரண்டு பேரும் வாசலில் கெரோப்போக் வறுவல் பாக்கெட் வாங்க நின்றபோது, மாமா முன்னால் நடந்து காரடிக்குப் போய்விட்டார். முகுந்தன் பின்னால் போனான். போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருக்கவும் முடியவில்லை.

"எப்பலேர்ந்து மாமா?"

"நோம்புப் பெருநாளுக்கு முந்தி. ஆள் கொறச்சாங்க." கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "வேற எடம் கெடச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ரவாங் பக்கம் சுத்துனா தெரிஞ்சவன் பாப்பான். அங்க வயல்ல நம்மாளு யாரும் கெடையாது."

சுற்றிய சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"நீ வந்து நின்னப்ப எனக்கு உயிரே போச்சு மாப்ள. அப்பறம் நீ ஒன்னும் பேசாம வண்டிய திருப்பிக்கிட்டு போய்ட்ட. சாயங்காலம் வீட்டுக்குப் பயந்துகிட்டே வந்தேன். ஒங்கக்காகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லல. பாத்தும் பாக்காத மாதிரி போய், என் மானத்த காப்பாத்திட்டான்னு நெனச்சேன். ஒருத்தனுக்குத் தெரியும், அவன் வாயத் தொறக்கலங்கறதே ஒரு தெம்பா இருந்துச்சு."

அந்த வாரங்கள் முகுந்தனுக்கு நினைவு வந்தன. அவன் கேட்காமலே அவன் மோட்டாருக்கு எண்ணெய் நிரப்பி வைத்திருந்தார் மாமா. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். "ஒன்ன மாதிரி ஒரு புள்ள கெடைக்காதுடா," என்று ஒருநாள் தோளில் தட்டினார். போட்டிக்குப் படம் தேர்வானதால் வந்த மரியாதை என்று நினைத்து அதையெல்லாம் இவன் காலை ஆட்டிக்கொண்டு தின்றிருக்கிறான்.

"எல்லாம் சரி. இன்னிக்கி ஏன் மாப்ள?" மாமா இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "நீ கூப்ட்ட, வரலன்னா அமரா ஏன்னு கேப்பா, அதுக்குத்தான் வந்தேன். படத்த மாட்டுனது மாட்டிட்ட. எங்கக்கா முன்னாடி வச்சி அப்படிச் சொல்லணுமா?"

வேண்டுமென்றே சொன்னேன் என்று நினைக்கிறார். இல்லை என்று சொல்ல வேண்டுமானால், நீங்கள் என்றே எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். மூன்று வாரமாக அவர் பிடித்துக்கொண்டு நின்ற ஒரே கம்பையும் உருவி, அது கம்பே இல்லை என்று காட்ட வேண்டும். எதைச் சொன்னாலும் கேவலம். இருந்தும் தன்னைத்தான் முதலில் காப்பாற்றிக்கொள்ளத் தோன்றியது.

"சத்தியமா எனக்கு நீங்கன்னு தெரியாது மாமா."

அவர் புரியாமல் பார்த்தார். "நான் ஒன்ன பாத்து கைய தூக்கினேனே?"

"பாக்கல மாமா."

"கேமராவ என்னப் பாத்துத்தானே வச்சிருந்த?"

"ஆமா."

மாமா காரின் பின்கதவைத் திறந்து விட்டார். "சரி, ஏறு. வெயில்ல நிக்காத," என்றார்.

வழி நெடுகப் பிரேமலா கல்யாணப் பேச்சுதான். மணவறை, நாதஸ்வரம், தாய்மாமன் நிற்க வேண்டிய இடம். முகுந்தன் அவள் பக்கத்தில் கேமராவை மடிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடுவில், "நாளைக்கி வேல உண்டா சீலா?" என்று கேட்டாள். மாமாவின் கை ஸ்டியரிங்கில் நின்றது. அவர் வாய் திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்து அமராவதி சொன்னாள். "உண்டுங்க அண்ணி. மார்னிங் ஷிப்ட். சீக்கிரம் போய்ப் படுக்கணும் அவரு." மாமா மனைவியின் பக்கம் திரும்பவில்லை. அவளும் கண்ணாடிக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிரேமலாவை அவள் மகன் வந்து கூட்டிப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மாமா குளிக்கப் போனார். முகுந்தன் பின்னறையில் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தான். அமராவதி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசமா சட்டைக் கையில முடிச்சு போட்ட சுருக்கம். நான் கட்டிக் குடுத்தத பேக்டரி கேண்டீன்ல ஒக்காந்து சாப்புடுற மனுஷனுக்கு அது எப்படி வரும்னு எனக்குத் தோணலயேடா. அயர்ன் பண்ணிப் பண்ணிக் குடுத்திருக்கேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மத்த படமெல்லாம் வச்சிருக்கியா?"

"அக்கா, நான் வேணும்னே..."

"அதக் கேக்கல. காட்டு."

லேப்டாப்பைத் திறந்தான். அன்றைக்கு எடுத்ததெல்லாம் வரிசையாக வந்தன. டப்பாவை மடியில் வைத்த படம், திறந்த படம், திறந்ததைத் தொடாமலே இருந்த படம். அமராவதி ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தாள். "சாப்பிடவே இல்ல," என்றாள். அப்புறம் கொக்குகள் வந்தன. வயலில் மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் திடீரென்று கிளம்பியதும், இவன் கேமராவை அந்தப் பக்கம் திருப்பி, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அடித்த படங்கள். வானம் முழுக்க வெள்ளை இறக்கை. இடது மூலையில் கரை, கரையில் ஆள். அன்று ராத்திரி, இறக்கை கலங்கிப் போயிருக்கிறது என்று இந்த வரிசையையே அவன் ஒதுக்கியிருந்தான்.

"அந்த மூலையப் பெருசாக்கு."

பெரிதாக்கினான். மாமா திரும்பியிருந்தார். துண்டை ஒரு கையால் இழுத்து விட்டிருந்தார். மற்றொரு கை தோளுக்கு மேலே, உள்ளங்கை இவனைப் பார்க்க, தூக்கி இருந்தது. அகப்பட்டுக்கொண்டவன் சிரிக்கிற சிரிப்பு.

"கொக்கயா பாத்துக்கிட்டு இருந்த?"

"ஆமாக்கா."

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. அமராவதி எழுந்திருக்கவில்லை. "அடுத்தது," என்றாள். அடுத்ததிலும் கை மேலே இருந்தது. அதற்கடுத்ததில் சிரிப்பு பாதி போயிருந்தது; கை அப்படியே இருந்தது. "போடுடா," என்றாள். முகுந்தன் பொத்தானை அழுத்தினான். கொக்குகள் ஒவ்வொன்றாகப் படத்தை விட்டு வெளியே போயின. கடைசிப் படத்தில் வெறும் வானம். அதன் மூலையில் அந்தக் கை இன்னும் இறங்காமல் நின்றது.