துண்டு போட்ட பெஞ்சு

பம்பரம் என்பது அவருக்குத் தெருக்காரர்கள் வைத்த பேர். காரணம் இல்லாமல் வைக்கவில்லை. தவழுகிற வயதிலேயே உதைத்து உதைத்து மூன்று தொட்டில்களை முடித்தவர். கல்யாணப் போட்டோவில் பெண் பளிச்சென்று இருப்பாள். பக்கத்தில் சட்டை போட்ட ஒரு பனிமூட்டம் நிற்கும். அதுதான் மாப்பிள்ளை. முடிவெட்டுகிறவர் இவரை உட்கார வைத்துவிட்டு நாற்காலியைச் சுற்றி ஓடித்தான் வேலையை முடிப்பார். ஆயுசெல்லாம் பஸ் கண்டக்டராக ஓடுகிற வண்டிக்குள் நடந்து பழகியவர். ஓய்வு பெற்றதும் தரை நகர மறுத்துவிட்டது. அதனால் இவர் நகர வேண்டியதாயிற்று.

அன்று காலையில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் நில்லுங்களேன். உங்களைப் பாத்துப் பேசினா எனக்குத் தலை சுத்துது” என்றாள் மனைவி.

“நீ பாட்டுக்குச் சொல்லு. காதும் என்கூடத்தான் வருது.”

“அண்ணன் இன்னைக்கு மத்தியானம் கிளம்புறாரு. சாமானெல்லாம் ஏத்திட்டிருக்காங்க. இனிமே கடல் தாண்டி மகன் வீட்டோடதான். இந்த வயசுல போறவரு திரும்பியா வரப்போறாரு?”

பம்பரத்தின் வேகம் சற்றுக் குறைந்தது.

“போன்ல கெஞ்சிப் பாத்துட்டேன். உன் வீட்டுக்காரர் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை ‘வாங்க’ன்னு சொல்லட்டும், வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போறேன்னாரு. ஒரு வார்த்தைதாங்க.”

“அவரு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணித் தொலைச்சிருக்கேனே.”

“பார்க்குக்கு வருவாருல்ல? அது அவரு வீடும் இல்ல, உங்க வீடும் இல்ல. அங்க சத்தியம் செல்லாது. எது எதுக்கோ போர்டு வெச்சீங்களே, இதுக்கும் ஒண்ணு வெச்சுக்குங்க. கூப்பிடாம மட்டும் திரும்பி வந்தீங்க, இந்த மேஜைய வித்துடுவேன். அப்புறம் எதைச் சுத்துவீங்கன்னு பாக்குறேன்.”

மேஜையை விற்கக்கூடியவள்தான். பம்பரம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பூங்காவில் நடப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வாசலில் நிற்கிற பலகை அவர் உபயம். புல்லை மிதிக்காதீர். பூவைப் பறிக்காதீர். உரக்கப் பேசாதீர். நாயைக் கயிற்றில் பிடித்து வருக. நடைபாதையில் நிற்காதீர். அனைவரும் கடிகார முள் சுற்றும் திசையிலேயே நடக்கவும். கடைசியில், மற்றதைவிடப் பெரிய எழுத்தில், பெஞ்சில் துண்டு போட்டு இடம் பிடிக்காதீர்.

எல்லாச் சண்டையும் அந்தக் கடைசி வரியில் பிறந்ததுதான். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தையல்காரர். ஆயுசு முழுக்க மிஷினை மிதித்த கால் என்பதால் ஓய்வு பெற்றதும் நடக்க வந்தார். வருகிறவர் முதலில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் துண்டைப் போடுவார், பிறகு நடப்பார், நடந்து முடித்து அந்தத் துண்டின் மேல் உட்காருவார். செயலாளர் ஒருநாள் துண்டைப் பறிமுதல் செய்து காவலாளியிடம் கொடுத்தார். காவலாளி நல்ல துணி என்று மகிழ்ந்து, குப்பைத்தொட்டியைத் துடைத்தார்.

“உக்காரவே தெரியாத ஆளு பெஞ்சுக்கு ரூல் போடுறாரா?” என்றார் மச்சான், நாலு பேர் முன்னால்.

அவ்வளவுதான். இவர் அவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். கூப்பிடாமல் உங்கள் வீட்டுக்கு வந்தால் என் காலை உடைத்துப்போடுங்கள் என்றார் அவர். ஆனாலும் இரண்டு பேரும் பூங்காவை விடவில்லை. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. எதிரெதிரே நடந்தால் முட்டிக்கொள்ளும் அபாயம் என்று பம்பரம் சங்கத்தில் பேசி, எல்லாரையும் ஒரே திசைக்குத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து மச்சானின் முகமே அவர் கண்ணில் படவில்லை. இருவருக்கும் நடை அப்படி ஒத்துப்போயிற்று. இவர் வாசலில் இருந்தால் அவர் வேப்பமரத்தடியில். இவர் வேப்பமரத்துக்கு வந்தால் அவர் வாசலில். நடுவே நீரூற்றுக்கு மேலாக ஒரு வெள்ளைத் தொப்பி மட்டும் தெரியும்.

இன்றும் தொப்பி அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

குறுக்கே ஓடிப் பிடிக்கலாமென்றால் புல்தரையைச் சுற்றி முள்கம்பி. போடச் சொன்னவர் செயலாளர். கத்திக் கூப்பிடலாமென்றால் உரக்கப் பேசாதீர். பேசினாலும் பயனில்லை, மிஷின் சத்தத்தில் மச்சானுக்குக் காது மந்தம். ஒரே இடத்தில் நின்று காத்திருக்கலாம் என்ற யோசனை பம்பரத்துக்கு வரவேயில்லை. மீனுக்கு மரமேறுகிற யோசனை வருமா?

எட்டி நடந்தார். வேப்பமரத்தைக் கடக்கும்போது பெஞ்சைப் பார்த்தார். நீலக் கரை போட்ட புதுத் துண்டு, சுருக்கமில்லாமல் நீட்டி விரித்திருந்தது. போகிற அன்றைக்கும் திமிர்!

காவலாளி ஓடிவந்தார். “செயலாளர் ஐயா, பாத்தீங்களா அநியாயத்தை? எடுத்துறட்டுமா?”

பம்பரத்தின் கை ஒரு கணம் பரபரத்தது. “கிடக்கட்டும்” என்றார்.

காவலாளி அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை. ஊதலை வாயில் வைத்தவர் ஊத மறந்து நின்றார்.

பம்பரம் வேகத்தைக் கூட்டினார். தொப்பியும் கூட்டியது. இவர் ஓட்டமும் நடையுமாகப் போனார்; தொப்பியும் அப்படியே. துண்டுக்காகத் துரத்துகிறேன் என்று நினைத்து ஓடுகிறார் மனுஷன், என்று நினைத்துக்கொண்டார் இவர். வண்டியில் இந்நேரம் பாதிச் சாமான் ஏறியிருக்கும். இன்னும் கூட்டினார். கிளம்பிய காற்றில் ஓர் அம்மாளின் குடை மேல்நோக்கி மலர்ந்தது. பாதையில் இருந்தவர்கள் விலக வழியில்லாமல் சேர்ந்து ஓடினார்கள். கயிற்றோடு வந்த நாய் ஒன்று களைத்துப்போய் எசமானரின் தோளில் ஏறிக்கொண்டது. வேப்பமரத்தில் காய் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து தொங்கியது; இன்றும் அப்படித்தான் இருக்கிறது, சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள்.

இத்தனைக்கும் இடைவெளி ஒரு சாண் குறையவில்லை.

இனி ஒரே வழிதான். பலகையை எழுதியவரே பலகைக்கு எதிராகத் திரும்புவது. ‘போகட்டும், மேஜை முக்கியம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சட்டென்று திரும்பினார். காவலாளி ஊதிய ஊதலில் புறாக்கள் எழுந்தன. கூட்டமும் திமிறித் திரும்பியது. செயலாளரே போகும்போது அவர்கள் மட்டும் எப்படி நேராகப் போவார்கள்?

எதிரே இப்போது மச்சான் வர வேண்டும். வரவில்லை. பம்பரம் நீரூற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தொப்பி அந்தப் பக்கம்தான் இருந்தது. அதுவும் தலைகீழ்த் திசையில். இவர் திரும்பிய அதே நொடியில் அவரும் திரும்பியிருந்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி.

மறுபடி திரும்பினால்? மறுபடி திரும்புவார். எத்தனை தடவை திரும்புவது? வாசலுக்கு அப்பால் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டது. அது சாமான் வண்டியாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே வேப்பமரத்தடிக்கு வந்தார். நீலக் கரைத் துண்டு விரிந்து கிடந்தது. மேஜை, மனைவி, ஹாரன், எல்லாம் சேர்ந்து அவர் தோளைப் பிடித்து அழுத்தின.

பம்பரம் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தது இடுப்புக்கு மேலேதான். கீழே இரண்டு முழங்காலும் தடதடவென்று ஆடின. பெஞ்சு ஆடியது. பெஞ்சோடு மரம் ஆடியது. பழுத்த இலைகள் அவர் தலையில் கொட்டின. எழுந்திரு எழுந்திரு என்றன கால்கள். துண்டின் இரு முனைகளையும் கடிவாளம் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

வளைவில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அப்புறம் அதன் கீழே முகமும். மச்சானுக்கு மீசை முழுக்க நரைத்திருந்தது. இவருக்குத் தெரியவே தெரியாது.

மூச்சிரைக்க வந்து நின்றார் மச்சான். பெஞ்சில் இருப்பது யாரென்று நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மாப்ளே! உக்காந்திருக்கீங்களா?”

“சீக்கிரம் வாங்க மச்சான், ரொம்ப நேரம் தாங்காது. துண்டுக்காக உங்களைத் துரத்தலை.”

“துரத்தினீங்களா? நான்ல உங்களைத் துரத்திட்டிருந்தேன்! போறதுக்குள்ள ஒரு தடவை பிடிச்சுடலாம்னு பாத்தா, மனுஷன் பேயா பறக்குறீங்க.”

“அப்போ எதுக்கு இந்தத் துண்டு? என்னை வம்புக்கு இழுக்கத்தானே?”

“ஆமா. எடுக்கறதுக்காவது நிப்பீங்கள்ல? நின்னா, உக்காருங்கன்னு சொல்லலாம்னுதான்.” தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “ரெண்டு பேர் உக்கார்ற அளவுக்குத்தான் தெச்சேன். நீங்க பிடிச்சிட்டிருக்கீங்களே, அது கையால போட்ட கரை. இழுத்துப் பிச்சுராதீங்க.”

பம்பரம் துண்டை விட்டார். விட்டதும் கால்கள் இன்னும் வேகமாக ஆடின. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடுகிற மிஷின் சக்கரத்தைத் தையல்காரர்கள் உள்ளங்கையால் அழுத்தி நிறுத்துவார்களே, அதே பழக்கத்தில் கையை மாப்பிள்ளையின் முழங்கால் மேல் வைத்து அழுத்தினார்.

முழங்கால் நின்றது. பெஞ்சு நின்றது. மரம் நின்றது.

அந்த அமைதியில் பம்பரம் மூன்று தடவை செருமினார். ஆயிரக்கணக்கான பேரை ‘ஏறுங்க, உள்ள போங்க’ என்று கூப்பிட்ட தொண்டை. கடைசியில் சொன்னார்: “வீட்டுக்கு வாங்க மச்சான்.”

“காது கேக்கலை.”

“வீட்டுக்கு வாங்கன்னேன்!”

வாசலில் இருந்த உரக்கப் பேசாதீர் பலகை வரைக்கும் அது கேட்டிருக்கும்.

“முதல் தடவையே கேட்டுது” என்றார் மச்சான். “இன்னொரு வாட்டி கேக்கலாம்னு தோணுச்சு. எந்திரிங்க, காபி ஆறிடும். வண்டிக்காரன் கொஞ்சம் நிக்கட்டும்.”

துண்டைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்தார்கள். பூங்காவின் பக்கவாட்டு வாசலுக்குக் கிட்டத்து வழி, பலகை சொன்ன திசைக்கு எதிர்த்திசையில் இருந்தது. அந்த வழியாகவே, ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். காவலாளி ஊதலை எடுத்தார், யோசித்தார், அதால் முதுகைச் சொறிந்துகொண்டார்.