முன்பல் பற்றி ஒரு வரி

1

இந்தக் கதை நான் அடித்துவிட்ட ஒரு வரியிலிருந்து வந்தது. குடும்ப நீதிமன்றத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுகிறவன் நான். மகளின் பராமரிப்புத் தொகையைப் பாக்கி வைத்திருந்த வேன் ஓட்டுநர் ஒருவர் சனிக்கிழமை வந்தார். பாக்கிக்காக அவருடைய உரிமத்தை முடக்கியிருந்தார்கள். வண்டியே ஓட்டாமல் பாக்கி எப்படித் தீரும்? திங்கட்கிழமை விசாரணை, அவகாசம் கிடைக்காவிட்டால் சிறை.

அவகாசம் கேட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில், "மகளுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது, விழுந்ததா என்று தெரியவில்லை" என்று ஒரு வரி. எழுதிவிட்டு அடித்தேன். நீதிமன்றத்துக்கு அது வேண்டாம். கதைக்கு அது மட்டும் போதும்.

2

தொடக்கங்கள்:

அவர் பெருங்குடிகாரர், ஆகவே—

(இல்லை. டீக்கே சர்க்கரை வேண்டாமென்கிற மனிதர்.)

அவருடைய மனைவி கல்நெஞ்சக்காரி, ஆகவே—

(அதுவும் இல்லை. சலவை நிலையத்தில் கால்கடுக்க நின்று, தனி ஆளாக வாடகை கட்டுகிறவர்.)

கெட்டவர் யாரும் அகப்படாததால் நடந்த பேச்சையே எழுதுகிறேன்.

3

"ஞாயித்துக்கிழமை புள்ளைய பாக்கலாம்னு உத்தரவுல இருக்கே தம்பி, ஏன் போகல?"

"காசு கட்டாதவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுண்ணே போறது? கூடாதுல்ல?"

"யாரு சொன்னா? பணம் வேற, பாக்குறது வேற. இதுல எங்கயும் கூடாதுன்னு இல்லியே."

உத்தரவை வாங்கி, விரல் வைத்துப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"நாலு மாசம்ணே..."

(இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.)

என் மேசையிலிருந்தே மனைவிக்கு போன் போட்டார். அந்தக் குரல் எனக்கே கேட்டது.

"ஞாயித்துக்கிழமையானா ஒங்க மக சுண்டெலி ஜன்னல விட்டு நகர மாட்டேங்குறா. வாரா வாரம் நான் என்னத்த சொல்லிச் சமாளிக்க? திங்கக்கிழமை கோர்ட்டுல காசு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். நாளைக்கு வாங்க."

"அவளுக்கு... அந்தப் பல்லு..."

"வந்து பாத்துக்கங்க."

4

திங்கட்கிழமை நீதிபதி என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அதை முடிவாக வைத்தால் கதை மனுவாகிவிடும். எனக்குத் தெரியாதது ஞாயிற்றுக்கிழமைதான். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இங்கேயே நின்றுவிடுகிறது:

பேருந்திலிருந்து இறங்கி நடந்தார். ஜன்னலில் இருந்த தலை காணாமல் போனது. கதவு திறந்தது. சுண்டெலி சிரித்தாள். முன்வரிசையில்

(நாலு மாதத்தில் ஒரு பல் விழலாம். விழுந்த இடத்தில் புதிதாக ஒன்று முளைத்தும்விடலாம். எதை எழுதினாலும் அவர் பார்க்காமல் விட்டது ஒன்று அதில் இருக்கும். என் கை எழுத மறுக்கிறது. நீங்கள் எழுதுங்கள். எதுவானாலும், அவர் குனிந்து நன்றாகப் பார்க்கும்வரை அந்தப் பிள்ளை வாயை மூடாமல் இருக்கட்டும்.)