ரங்கூனுக்கு அரிசி கொண்டுபோன தங்கபுஷ்பம்

1

இந்தக் கதை எனக்குத் திருவொற்றியூரில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. சோறு சரியாக வேகவில்லை. முதல் கவளத்திலேயே நான் முகத்தைச் சுளிக்க, பக்கத்து இலைக்காரர் சிரித்தார். கப்பல் கம்பெனிக் குமாஸ்தா, பெயர் ஜெயவேல். "இதுக்கே இப்படியா சார்? எங்க பெரியம்மை தங்கபுஷ்பம் ரங்கூன்ல பொங்கின சோத்தை நீங்க தின்னிருக்கணும்" என்றார்.

சாம்பாரில் தொடங்கியவர் மோரில் நிறுத்தினார், பந்தி எழுந்துவிட்டது. கை கழுவும் இடத்தில் தேடினேன், ஆள் இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்தது மோர் வரைக்கும்தான். அதற்கு மேல் எழுதினால் அது என் சொந்தச் சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கப்பல் நீளமாக ஊதியது. தங்கபுஷ்பத்தின் கண்கள்'

அடித்துவிட்டேன். ராயபுரத்தில் கப்பல் ஊதாத நேரம் எது? அதற்கெல்லாம் கண் கலங்கினால் அங்கே குடியிருக்க முடியாது.

'1954-ஆம் வருஷம் நமது சபையார் ஐவர் கடல் கடந்து, ரங்கூனிலுள்ள அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஊழியம் செய்யும் பாக்கியத்தை'

இது சபைப் பத்திரிகை. விஷயம் உண்மைதான், ஆனால் படிப்பவர் தூங்கிவிடுவார்.

பானையிலிருந்தே தொடங்குகிறேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடை வைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து, ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். ராயபுரத்தில் அப்படி அறுபது வீட்டுப் பானைகளுக்கும் பொறுப்பு, மளிகைக்கடைக்காரர் மனைவி தங்கபுஷ்பம். இருபது வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கி வந்தாள். இருபது வருஷமாக அந்த அரிசியைக் கோயிலில் ஏலம் விட்டார்கள். இருபது வருஷமாக அதை எடுத்தவர் ஒரே ஆள், கோழி வளர்ப்பவர்.

ரங்கூன் பயணம் என்றதும் தங்கபுஷ்பம் ஆராதனை நடுவே எழுந்து நின்றாள். "கோழி தின்னது போதும். இந்தத் தடவை அரிசி அந்தப் பிள்ளைய வாயிலதான் விழும், சோறா விழும். நான் பொறுப்பு" என்றாள். அறுபது வீட்டுப் பெண்களும் ஆமென் சொன்னார்கள். அவள் வாழ்க்கையிலேயே சபையில் பேசியது அதுதான் முதல் தடவை.

3

(இங்கே போதகரைக் குண்டாக எழுதியிருந்தேன். கதையில் வரும் போதகரெல்லாம் ஏன் குண்டாகவே இருக்க வேண்டும் என்று ஒல்லியாக்கினேன். ஒல்லியானதும் ரொம்ப நல்லவராகிவிட்டார். திரும்பவும் குண்டாக்கிவிட்டேன். ரங்கூனில் அவர் வேலை இல்லத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது.)

துறைமுகத்தில் அன்றைக்கு ரங்கூன் அரிசி இறங்கிக்கொண்டிருந்தது. இறக்குகிற கப்பல்கூலி ஒருவர், தங்கபுஷ்பத்தின் இரண்டு மூட்டைகளையும் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"அரிசி."

"எங்க போவுது?"

"ரங்கூனுக்கு."

அவர் தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தோஸ்துகளைக் கூப்பிட்டார். "டேய், இங்க வந்து பாருங்கடா. நாம அங்கேர்ந்து வர்றத எறக்கினுகீறோம், இந்தம்மா இங்கேர்ந்து ஏத்தினுகீது."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவது போல என்று நீங்கள் நினைப்பீர்கள். தங்கபுஷ்பம் அப்படி நினைக்கவில்லை. அது வேறு அரிசி, இது ஆண்டவர் அரிசி.*

* சுங்கத்தில் என்ன சொல்லித் தப்பினார்கள் என்று ஜெயவேல் சொல்லவில்லை. அப்போது அவருக்கு அப்பளம் வந்தது.

4

இல்லத்தில் நாற்பது பிள்ளைகள், எல்லாம் சண்டைக்காலத்தில் பெற்றவர்களைப் பறிகொடுத்த தமிழ்ப் பிள்ளைகள். சமையற்காரி கன்னியம்மா, காசிமேட்டுக்காரி. புருஷனோடு கப்பலேறிப் போய், புருஷன் கண்ணை மூடின பிறகும் திரும்பாதவள். அவளிடம் வளர்ந்ததால் ரங்கூன் பிள்ளைகள் நாற்பதும் அச்சு அசலாகக் காசிமேட்டுத் தமிழ் பேசின.

கன்னியம்மா மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள்.

"யக்கா, இதுல புழுங்கலும் கீது, பச்சையும் கீது. பழசு, புதுசு, செவப்பு, நொய்யி எல்லாம் கீது. எப்டி வேவும்? ஊறப் போட்டு அரைச்சி இட்லி சுட்லாம்."

"சோறுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சோறாத்தான் பொங்கணும்."

ஒரு மளிகைக்கடைக்காரர் மனைவிக்கு இதுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பந்தியில் கேட்டேன். இந்தப் பாத்திரத்தை நம்புவதா வேண்டாமா என்று ரசம் வரும் வரை யோசித்தேன். ஜெயவேல் சொன்னார்: "தெரியும் சார். ஆனா ஆண்டவருக்குப் போட்ட அரிசி வேகாமப் போகும்னு அவ எப்படி நினைப்பா?"

பொங்கினாள். பாதி கூழானது, பாதி கல்லாகவே இருந்தது. நாற்பது பிள்ளைகளும் தலை குனிந்து தின்றன. "எப்படி இருக்கு மக்கா?" என்றாள். "நல்லா கீது பெரிம்மா" என்று நாற்பது வாயும் ஒரே குரலில் சொல்லின. தங்கபுஷ்பம் ஒரு கவளத்தை வாயில் போட்டாள். கோழிக்காரரை அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

5

மறுநாள் காலையில் பாயை விரித்து, இரண்டு மூட்டையையும் கொட்டி, புழுங்கல் வேறு பச்சை வேறாகப் பொறுக்க உட்கார்ந்தாள். ஒரு மூட்டையைப் பொறுக்கவே ஒரு மாதம் ஆகும், கப்பலுக்கோ நாலு நாள்தான் இருந்தது. அரை மணி கழித்து நிமிர்ந்தபோது நாற்பது பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருந்தன. யாரும் கூப்பிடவில்லை. குனிந்த தலை நிமிராமல் மூன்று நாள் பொறுக்கின.

தங்கபுஷ்பத்துக்குப் பெற்ற பிள்ளை கிடையாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பொறுக்கினாள். மூன்றாம் நாள், பக்கத்திலிருந்த ரோசி என்ற பெண்ணிடம் மனசு நிறைந்து சொன்னாள்: "உங்களுக்குப் பாடு குடுத்துட்டேனே தாயி."

"பரவால்ல பெரிம்மா. இது குந்திகினு செய்ற வேல. செவுரு சொரண்டறதுதான் பேஜாரு."

"எந்தச் சுவரு?"

"உங்க கோயில் ஐயர் சுண்ணாம்பு அடிக்கிறாரே, அது. ரெண்டு மாசம் மின்னாடி பினாங்கு கோயில்காரங்க வந்து அட்ச்சாங்க. நீங்க வரப் போறீங்கன்னு கடுதாசி வந்துச்சி. வந்தவங்களுக்கு வேல இல்லன்னா மொகம் வாடிப்பூடும்னு நாங்க சொரண்டி வெச்சோம்."

தங்கபுஷ்பத்தின் கை நின்றது.

"நாங்க யாரும் வராட்டா நீங்க என்ன செய்விய?"

"இஸ்கூல் போவோம்."

வெளியே போதகர் ஏணி மேல் நின்று கீர்த்தனை பாடியபடி சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பத்துக்கு வெட்கமாக இருந்தது. மூன்று நாளாகத் தான் அழுத அழுகைக்கெல்லாம் சேர்த்து வெட்கம். கையிலிருந்த அரிசியைப் பாயில் போட்டுவிட்டு, "சரி, உங்களுக்கு நெசமா என்னதான் வேணும்?" என்று கேட்டாள்.

ரோசி எழுந்து ஓடி, மற்றப் பிள்ளைகளோடு கூடிக் கூடிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இத்தினி நாளா யாரும் கேக்கல பெரிம்மா. யோசிச்சி சொல்றோம்."

யோசித்து முடிப்பதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது.

6

ஞாயிற்றுக்கிழமை. ராயபுரம் கோயில். போதகர் சாட்சி சொல்லி முடித்துவிட்டார்: சுவர்கள் வெண்மையாயின, பிள்ளைகள் மகிழ்ந்தன, அடுத்த வருஷம் பத்துப் பேர், பத்து மூட்டை. இப்போது தங்கபுஷ்பத்தைக் கூப்பிடுகிறார். மோர் இங்கே முடிந்தது.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

முடிவு ஒன்று: அவள் உள்ளதைச் சொல்கிறாள். சபையே அழுது

(இல்லை. எனக்குத் தெரிந்த எந்தச் சபையும் உண்மைக்கு அழாது. அறுபது வீட்டுப் பானையும் கவிழும். ஐயர் பொய்யர் ஆவார். தங்கபுஷ்பம் வாயாடி ஆவாள்.)

முடிவு இரண்டு: 'பிள்ளைகள் வயிறாரத் தின்றன' என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறாள். யாருக்கும் நஷ்டமில்லை.

(இதைத்தான் எழுதி வைத்திருந்தேன், அழகாகவும் இருந்தது. ஆனால் ரங்கூனில் நாற்பது பிள்ளைகள், அடுத்து வருகிறவர்களின் முகம் வாடக் கூடாதே என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சுவர் சுரண்ட உட்கார்ந்திருக்கும்.)

மூன்றாவதாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றினால் நீங்கள் சொல்லுங்கள், ஆனால் கொஞ்சம் சீக்கிரம். அவள் எழுந்து நின்றுவிட்டாள். அறுபது வீட்டுப் பெண்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். முன்வரிசையில் ஒருத்தி, அவள் என்ன சொன்னாலும் சொல்வதற்கு, ஆமெனை வாயில் தயாராக வைத்திருக்கிறாள்.